முதல் தடவையா மவுண்ட் ரெய்னியர் ஏறப்போறவங்களுக்கு: ஆபத்து, பலன், தயாரிப்பு எல்லாம் சேர்த்து ஒரு முழு வழிகாட்டி

அமெரிக்காவுல சியாட்டில், பெல்வியூ, ரெட்மண்ட் பக்கம் வேலை பாக்குற நம்மாளுங்களுக்கு மவுண்ட் ரெய்னியரை அறிமுகப்படுத்தவே வேணாம், மேகம் விலகின நாள்ல தெக்கு பக்கம் வெள்ளையா வானத்துல பாதிய அடைச்சுகிட்டு நிக்கும், அதைப் பார்த்துப் பார்த்தே ஒரு நாள் நாமளும் ஏறினா என்னன்னு தோணிடும். தாராளமா ஏறலாம், மலையேற்றப் பழக்கமே இல்லாதவங்க ஒழுங்கா தயாராகி உச்சிக்குப் போயிட்டு வந்திருக்காங்க. வருஷத்துக்கு சுமார் 10,000 பேர் முயற்சி பண்றாங்க, அதுல ஏறக்குறைய பாதிப் பேர்தான் உச்சியைத் தொடுறாங்க, இந்தக் கணக்கை முதல்ல மனசுல ஏத்திக்கோங்க.

நான் திரும்பத் திரும்ப சொல்லப்போற விஷயம் ஒண்ணுதான். இந்த மலையோட வழக்கமான ரூட்ல பாறையில தொங்குறது, செங்குத்தான ஐஸ்ல ஏறுறது எல்லாம் கிடையாது, பெரும்பாலும் நடைதான், ரொம்ப நேர நடை. அதனாலதான் பிகினர் ஏற முடியுது, அதனாலேயே பிகினருக்கு ஆபத்து கண்ணுக்குத் தெரியாமலும் போயிடுது. தலைக்கு மேல தொங்குற ஐஸுக்கும் காத்துக்கும் உயரத்துக்கும் நீங்க ஜிம்ல எவ்வளவு வெயிட் தூக்கினீங்கன்னு தெரியாது. அதனால உங்க கையில இருக்குற விஷயங்களை முழுசா தயார் பண்ணணும், கையில இல்லாததுக்கு முன்னாடி திரும்பி வரத் தெரியணும்.

மலை எப்படிப்பட்டது

உயரம் 14,410 அடி, அதாவது 4,392 மீட்டர். பூர்வகுடி மக்கள் தஹோமான்னு சொல்ற மலை. அலாஸ்காவைத் தள்ளிட்டு பார்த்தா அமெரிக்காவுலேயே அதிக கிளேசியர், அதாவது பனியாறு, இருக்குற மலை இதுதான், பேர் வச்ச கிளேசியர் மட்டும் சுமார் 25. எரிமலைதான், ஆனா தூங்குது, செத்துப்போகல. சுமார் 5,600 வருஷத்துக்கு முன்னாடி உச்சியில ஒரு பெரிய பகுதி சரிஞ்சு சேறா ஓடி இப்போ ஊர்கள் இருக்குற சமவெளி வரைக்கும் போயிருக்கு, ஓர்ட்டிங் மாதிரி ஊர்கள்ல இன்னைக்கும் அதுக்காக எச்சரிக்கை சைரன் வச்சிருக்காங்க. ஏறப்போற உங்களுக்கு வெடிப்பு பெரிய கவலை இல்ல, மலையை இருபத்திநாலு மணி நேரமும் கருவிகள் வச்சு கண்காணிக்கிறாங்க. எரிமலைங்கிறதால உங்களுக்கு வர்ற நேரடி சிக்கல் வேற: பாறை எல்லாம் உதிரிப் பாறை, ராத்திரி ஐஸ் பிடிச்சு வச்சிருக்குற கல்லு வெயில் பட்டதும் கழண்டு விழும்.

கிளேசியர் நகருற பொருள். தோசை மாவு சாய்ச்ச கல்லுல மெதுவா வழியுற மாதிரி ஐஸ் தன் எடையாலேயே கீழ வழிஞ்சுகிட்டே இருக்கு, அடியில இருக்குற மேடு பள்ளத்துல வளையும்போது மேல்பகுதி வளைய முடியாம பிளக்கும், அந்தப் பிளவுதான் கிரெவாஸ். சில கிரெவாஸ் வாயைத் திறந்துகிட்டு தெரியும், பயமில்ல, சுத்திப் போயிடலாம். குளிர்காலப் பனி மூடினது இருக்கு பாருங்க, மேல பார்த்தா சமதரை, அடியில ஒண்ணுமில்ல. அந்த மூடிக்கு ஸ்னோ பிரிட்ஜ்னு பேரு, விடியக்காலைல கெட்டியா தாங்கும், மத்தியானம் இளகிடும். ராத்திரி 12, 1 மணிக்கு எழுப்பி நடக்க வைக்கிறதுக்கு முக்கியமான காரணம் இதுதான்.

ஆபத்து எங்கெங்க இருக்கு

கிரெவாஸுக்கு மருந்து கயிறு. ஒரே கயித்துல மூணு நாலு பேர் இடைவெளி விட்டுக் கட்டிக்கிட்டு நடப்பாங்க, ஒருத்தர் விழுந்தா மத்தவங்க அப்படியே பனியில விழுந்து ஐஸ் ஆக்ஸை (பனிக்கோடாரியை) குத்தி நிறுத்தணும். கயிறு தளர்ந்து தரையில கிடந்தா விழுறவர் அவ்வளவு தூரம் வேகம் எடுத்துடுவாரு, அதனால கயித்தை ரொம்ப இழுக்காமலும் தொங்க விடாமலும் நடக்குறதுதான் பிகினர் கத்துக்க வேண்டிய முதல் ஒழுக்கம்.

மேல இருந்து விழுற ஐஸுக்கு அப்படி மருந்து இல்ல. 1981 ஜூன் 21 அன்னைக்கு இங்க்ரஹாம் கிளேசியர்ல மேல இருந்து ஐஸ் உடைஞ்சு சரிஞ்சதுல, கைடுகளோட போன ஒரு குழுவுல 11 பேர் இறந்தாங்க, உடல்கள் இன்னைக்கு வரைக்கும் அந்த ஐஸுக்குள்ளதான் இருக்கு. அமெரிக்க மலையேற்ற வரலாற்றுலேயே மோசமான விபத்து அது. நல்ல கைடு, நல்ல நாள், எல்லாம் இருந்தும் நடந்தது. இப்போவும் ரூட் அதே கிளேசியர் வழியாத்தான் போகுது, சில இடங்கள்ல "இங்க நிக்காதீங்க, தண்ணி குடிக்காதீங்க, போட்டோ எடுக்காதீங்க, நடங்க"ன்னு கைடு சொல்லுவாரு. அந்த இடத்துல ஷூ லேஸ் கட்டக்கூட நிக்கக்கூடாது. நீங்க குறைக்க முடிஞ்சது அங்க செலவழிக்கிற நிமிஷத்தை மட்டும்தான், வேகமா நடக்க உடம்பு பழகியிருந்தா அதுவே பாதுகாப்பு. மிச்சம் இருக்குற ஆபத்தை ஏத்துக்கிறீங்களா இல்லையாங்கிறதை வீட்ல இருக்கறவங்களோட உக்காந்து பேசி முடிவு பண்ணுங்க, மறைச்சுட்டுப் போகாதீங்க.

அப்புறம் வானிலை. பசிபிக் கடல்ல இருந்து வர்ற ஈரக்காத்து வந்து மோதுற பெரிய மலை இது, 1971-72 சீசன்ல, நாம ஏற ஆரம்பிக்கிற இடமான பாரடைஸ்ல மட்டும் 1,122 இன்ச் பனி பெஞ்சிருக்கு, 28 மீட்டருக்கு மேல. உச்சி மேல தட்டு மாதிரி வழவழன்னு ஒரு மேகம் உக்காந்திருந்தா ஊர்ல இருந்து பார்க்க அழகா இருக்கும், மேல பயங்கர காத்துன்னு அர்த்தம். பாரடைஸுக்கு மேல, ராத்திரி தங்குற கேம்ப் முயிர் வரைக்கும் போற பனிச்சரிவுதான் முயிர் ஸ்னோஃபீல்ட், அதை எல்லாரும் சாதாரணமா நினைக்கிறாங்க, அங்க கிளேசியர் கிடையாது, கயிறு வேணாம், டே ஹைக்கர்ஸ் ஷார்ட்ஸ் போட்டுகிட்டு போவாங்க. ஆனா மூடுபனி இறங்கிட்டா வானமும் தரையும் ஒரே வெள்ளை, இறங்கும்போது கொஞ்சம் ஒரு பக்கம் விலகினா நிஸ்குவாலி கிளேசியர், இன்னொரு பக்கம் விலகினா பாரடைஸ் கிளேசியர். அங்க வழி தவறி குளிர்ல இறந்தவங்க உண்டு. கேம்ப் முயிர் வரைக்கும் போறவங்க கூட போன்ல ஜிபிஎஸ் ட்ராக், கூடவே காம்பஸ், அதை உபயோகிக்கத் தெரிஞ்ச மூளை மூணையும் எடுத்துட்டுப் போங்க.

கைடோடயா, நண்பர்களோடயா

முதல் தடவைன்னா கைடு. இதுல எனக்கு ரெண்டாவது கருத்து கிடையாது. யூடியூப்ல கிரெவாஸ் ரெஸ்க்யூ பார்த்த நாலு நண்பர்கள் சேர்ந்தா ஒரு டீம் ஆகாது, ஒருத்தர் உள்ள தொங்கும்போது கை விறைச்சுப்போய் புல்லி செட்டப் போடறது வேற விஷயம். இங்க ஆர்எம்ஐ, அல்பைன் அசென்ட்ஸ், இன்டர்நேஷனல் மவுண்டன் கைட்ஸ்னு மூணு கம்பெனிகள் ரொம்ப வருஷமா கூட்டிட்டுப் போறாங்க. ஒரு கயித்துல ஒரு கைடும் ரெண்டு மூணு பேரும் இருப்பாங்க. செலவு ஆயிரம் டாலருக்கு நல்லாவே மேல போகும், வாடகை சாமான், டிப்ஸ், தங்குற இடம் தனி. ஜூலை மாசத் தேதிகள் ரொம்ப முன்னாடியே நிரம்பிடும், அதனால முந்தின வருஷமே பார்க்க ஆரம்பிங்க.

சொந்தமாத்தான் போகணும்னு ஆசைன்னா முதல்ல ஒரு மவுண்டனியரிங் கோர்ஸ் முடிங்க. இந்தியாவுல இருந்து இதைப் படிக்கிறவங்களுக்கு உத்தரகாசியில நேரு இன்ஸ்டிடியூட், டார்ஜிலிங்ல எச்எம்ஐ (ஹிமாலயன் மவுண்டனியரிங் இன்ஸ்டிடியூட்) ரெண்டுலயும் பேசிக் கோர்ஸ் இருக்கு, கிட்டத்தட்ட ஒரு மாசம், கிளேசியர்லயே கொண்டுபோய் சொல்லித் தருவாங்க. ரெய்னியர்ல 10,000 அடிக்கு மேலயோ கிளேசியர் மேலயோ கால் வைக்கணும்னா க்ளைம்பிங் பர்மிட் வேணும், தனியா ஏறணும்னா அதுக்குத் தனி அனுமதி வாங்கணும்.

உடம்பு

ஆறு மாசமாவது வேணும், எட்டு மாசம் இருந்தா நிம்மதி. பாரடைஸ் 5,400 அடி, கேம்ப் முயிர் 10,100 அடி சொச்சம், உச்சி 14,410. முதல் நாள் நாலாயிரத்து எழுநூறு அடி முழு மூட்டையோட, ரெண்டாவது நாள் நாலாயிரத்து சொச்சம் ஏறி அதே நாள் ஒன்பதாயிரம் அடி இறங்கணும். ஓட்டப்பந்தயம் ஓடுறவங்க கூட இங்க திணறுறதுக்குக் காரணம் மூட்டை தூக்கிப் பழகாததுதான்.

வாரத்துல மூணு நாள் ஓட்டமோ சைக்கிளோ பேசினா மூச்சு வாங்காத வேகத்துல, ரெண்டு நாள் கால் இடுப்பு முதுகுக்கு வெயிட்ஸ், வீக்எண்ட்ல ஒரு நீண்ட ஹைக், இதுதான் அடிப்படை. ஹைக்குக்கு மவுண்ட் சை, மெயில்பாக்ஸ் பீக் ரெண்டும் இங்க எல்லாரும் போற இடம், மெயில்பாக்ஸ்ல சுமார் 4,000 அடி ஏத்தம் கிடைக்கும். பையில 5 கிலோல ஆரம்பிச்சு மெதுவா கூட்டி 18, 20 கிலோ வரைக்கும் கொண்டு வாங்க. எடைக்கு கல்லு போடாதீங்க, தண்ணி பாட்டில் போடுங்க, மேல போனதும் கொட்டிட்டு இறங்கினா முட்டி தப்பிக்கும். மலை இல்லாத ஊர்ல இருந்தா அபார்ட்மெண்ட் படிக்கட்டு போதும், போரடிக்கும்தான், ஆனா ஏத்தம் ஏத்தம்தான்.

முழு மூட்டையோட 4,000 அடி ஏறி இறங்கிட்டு அடுத்த நாள் காலைல மறுபடி ஏறச் சொன்னா உங்களால முடியும்ங்கிற நிலைமைக்கு வந்துட்டா நீங்க ரெடி. அது வரலைன்னா தேதியைத் தள்ளிப் போடுங்க, ஏன்னா கயித்துல நீங்க தளர்ந்தா கூட கட்டியிருக்குற எல்லாரும் ஆபத்தான இடத்துல கூடுதல் நேரம் நிக்கணும்.

ஒத்திகை மலைகள்

நேரா ரெய்னியருக்குப் போகாம ரெண்டு மூணு படி வச்சுக்கோங்க. செயின்ட் ஹெலன்ஸ் 8,363 அடி, 1980 மே 18 வெடிச்சுத் தலை போன மலை, வசந்த காலத்துல பனி மேல ஏறிப் பழக நல்ல இடம், பர்மிட் வேணும். உச்சி விளிம்புல பனி வெளிய நீட்டிகிட்டு நிக்கும், அதுக்குக் கீழ பள்ளம்தான், எட்டிப் பார்க்கப் போகாதீங்க. அடுத்தது மவுண்ட் ஆடம்ஸ் தெற்கு ரூட், 12,276 அடி, அந்த ரூட்ல கிரெவாஸ் தொல்லை பெரும்பாலும் கிடையாது, உயரம் உங்க உடம்பை எப்படிப் பிடிக்குதுன்னு அங்க தெரிஞ்சுடும். இதுல இருக்குற பைக்கர்ஸ் பீக் ஒரு பொய் உச்சி, அதைப் பார்த்து சந்தோஷப்பட்டு மேல வந்து நின்னா நிஜ உச்சி இன்னும் தள்ளி நிக்கும், மனசு உடையுறதும் உடையாததும் அங்க ஒரு பயிற்சிதான். கிளேசியரே வேணும்னா மவுண்ட் பேக்கர், 10,781 அடி, கைடோட போங்க. ரெய்னியர்லயே கேம்ப் முயிர் வரைக்கும் ஒரு டே ஹைக் போயிட்டு வந்துடுங்க, அந்த ஸ்னோஃபீல்டோட நீளம் எந்த போட்டோலயும் புரியாது.

சாமான்

எல்லாத்தையும் வாங்காதீங்க. மவுண்டனியரிங் பூட்ஸ், கிராம்பான்ஸ் (பூட்ஸுக்கு அடியில மாட்டுற முள்ளு), ஐஸ் ஆக்ஸ், ஹெல்மெட், ஹார்னெஸ் (கயிறு கட்ட இடுப்புல மாட்டுற பட்டை), தடிமனான பார்க்கா இதெல்லாம் கைடு கம்பெனிகள் கிட்டயே வாடகைக்குக் கிடைக்கும். சொந்தமா வாங்க வேண்டியது உடம்போட ஒட்டுறது: சாக்ஸ், உள்ளாடை, கையுறையில மெல்லிசு ஒண்ணு தடிமன் ஒண்ணு. காட்டன் எதுவும் வேணாம், வேர்வையில நனைஞ்சா காயாது, நின்ன உடனே குளிர் எலும்புக்குள்ள போகும். வாடகை பூட்ஸை முந்தின நாளே போட்டு நடந்து பாருங்க, இறக்கத்துல விரல் முன்னாடி இடிச்சா ஒரு சைஸ் மாத்துங்க.

கண்ணாடியை மட்டும் மறந்துடாதீங்க, பக்கவாட்டுலயும் மூடின கிளேசியர் கிளாஸ். பனியில பட்டுத் திரும்புற வெயில் சில மணி நேரத்துலயே கண்ணைப் பொசுக்கிடும். அதே வெயில் கீழ இருந்து மேல அடிக்கும், அதனால தாடைக்கு அடியில, மூக்குத் துவாரத்துக்குள்ள, காது பின்னாடி எல்லாம் சன்ஸ்கிரீன் போடணும், நம்ம நிறத்துக்கு ஒண்ணும் ஆகாதுன்னு விட்டவங்க உதடு வெடிச்சு வந்திருக்காங்க. ஹெட்லேம்ப் பேட்டரி புதுசா இருக்கட்டும். மலம் எடுத்துட்டு வர நீலப் பை தருவாங்க, கேம்ப்ல டாய்லெட் இருக்கு, அதுக்கு மேல போற இடத்துல அந்தப் பைதான், கீழ கொண்டு வந்து அதுக்குன்னு வச்ச தொட்டியில போடணும், கூச்சப்படாம பழகிக்கோங்க.

சாப்பாடும் உயரமும்

உச்சியில காத்தழுத்தம் கடல்மட்டத்துல இருக்குறதுல சுமார் 60 சதவீதம்தான். சியாட்டில் கடல்மட்டத்துலதான் இருக்கு, அங்க இருந்து ரெண்டே நாள்ல இந்த உயரம், உடம்பு பழக நேரமே இல்ல. தலைவலி, குமட்டல், தூக்கம் வராம இருக்குறது எல்லாம் நிறைய பேருக்கு வரும். நிக்கும்போதே மூச்சு திணறுது, நுரையோட இருமல் வருது, குடிச்சவங்க மாதிரி தள்ளாடுது, பேச்சு குழறுது, இதுல எது வந்தாலும் அதுக்கு ஒரே வைத்தியம் உடனே இறங்குறது. உயரத்தால வர்ற தொல்லைக்கான டயமாக்ஸ் மாத்திரை எடுக்கணுமான்னு டாக்டர் கிட்ட முன்னாடியே கேட்டுக்கோங்க, நண்பன் கொடுத்ததை மலையில முதல் தடவையா போட்டுப் பார்க்காதீங்க. லேசா தலை வலிச்சாலும் கைடு கிட்ட சொல்லுங்க, சொன்னா திருப்பி அனுப்பிடுவாங்கன்னு மறைக்கிறதுதான் நிலைமையை மோசமாக்கும்.

மேல போனா பசிக்காது, ஆனா ஒவ்வொரு பிரேக்லயும் இருநூறு முந்நூறு கலோரி உள்ள போகணும். பிடிச்சதை எடுத்துட்டுப் போங்க, எனர்ஜி பார் குளிர்ல கல்லாயிடும், கடலை மிட்டாய் சின்ன துண்டா உடைச்சு பாக்கெட்ல வச்சா நல்லா போகும், முறுக்கு, பொடி தடவின சப்பாத்தி ரோல் எல்லாம் கேம்ப் வரைக்கும் அருமை. தண்ணிக்கு பாட்டில்தான், குழாய் வச்ச பை உறைஞ்சு போயிடும்.

பனியில ஒரு நாள்

கைடு கம்பெனிகள் ஏறுறதுக்கு முன்னாடி ஒரு நாள் பனியில பயிற்சி கொடுப்பாங்க. விழுந்தா ஐஸ் ஆக்ஸ் வச்சு நிறுத்துறதை பத்து தடவை சொல்வாங்க, நீங்க இருபது தடவை பண்ணுங்க, தலைகீழா, மல்லாக்க, எல்லா விதமாவும், கை யோசிக்காம செய்யணும். ரெஸ்ட் ஸ்டெப்னு ஒரு நடை இருக்கு, பின்கால் முட்டியை நேரா பூட்டி எடையை எலும்பு மேல விட்டு ஒரு நொடி நின்னு அப்புறம் அடுத்த கால், ஒவ்வொரு அடியிலயும் தசைக்கு ஒரு நொடி ஓய்வு. கூடவே உதட்டைக் குவிச்சு மூச்சை பலமா வெளிய ஊதுறது. கிராம்பான் போட்டிருக்கும்போது காலை கொஞ்சம் அகட்டி வைங்க, இல்லன்னா முள்ளு பேண்ட்ல மாட்டி விழுவீங்க.

ஏறுற நாட்கள்

பாரடைஸ்ல இருந்து கேம்ப் முயிருக்கு அஞ்சாறு மணி நேரம். போய் சேர்ந்ததும் சாப்பிட்டு சாயங்காலமே படுக்கணும், தூக்கம் வராது, பரவாயில்ல, கண்ணை மூடிக் கிடந்தாலே போதும். நடுராத்திரி எழுப்புவாங்க.

ஹெட்லேம்ப் வெளிச்சத்துல கௌலிட்ஸ் கிளேசியரைக் கடந்து, கதீட்ரல் கேப் ஏறி, இங்க்ரஹாம் ஃபிளாட்ஸ்ல ஒரு பிரேக், அதுக்கப்புறம் டிஸப்பாயிண்ட்மெண்ட் கிளீவர்ங்கிற பாறை முகடு. எல்லாத்துலயும் கஷ்டமான பகுதி அதுதான், பாறை மேலேயே கிராம்பானோட நடக்கணும், கல்லு உருளும், ஹெல்மெட் கழட்டவே கூடாது. சீசனைப் பொறுத்து கிரெவாஸ் மேல அலுமினிய ஏணி படுக்கப் போட்டிருப்பாங்க, கண்ணை அடுத்த படியில வச்சுகிட்டு மெதுவா போங்க. கிளீவர் உச்சி 12,300 அடி, அங்கதான் கைடு ஒவ்வொருத்தரையா பார்த்து மேல வரலாமா வேணாமான்னு கேப்பாரு.

அதுக்கு மேல போறப்போ கிழக்கு வெளுக்கும். சூரியன் வந்ததும் பனி முழுக்க ரோஸ் நிறமாகி, தெக்கால ஆடம்ஸ், செயின்ட் ஹெலன்ஸ், ஹூட் மூணும் மேகத்துக்கு மேல தலையை நீட்டிகிட்டு நிக்கும், கொஞ்ச நேரத்துல ரெய்னியரோட நிழல் மேற்கு பக்கம் அடிவானம் வரைக்கும் முக்கோணமா விழும், நீங்க நிக்கிறது அந்த நிழலோட நுனியில. அதைப் பார்த்தவங்க யாரும் பணம் வீணாப்போச்சுன்னு சொல்லி நான் கேட்டதில்ல. உச்சியில இருக்குற கிரேட்டர் (எரிமலை வாய்) விளிம்புல பனி இல்லாத வெறும் மண்ணு இருக்கும், தொட்டா சூடு, அங்கங்க ஆவி வரும். 1870 ஆகஸ்ட்ல, இந்த உச்சியை முதல்ல தொட்டதா பதிவான ஹசார்ட் ஸ்டீவன்ஸும் வான் ட்ரம்பும் ஏறினப்போ நேரமாயி இருட்டிடுச்சு, அந்த ஆவி உருக்கின ஐஸ் குகைக்குள்ள ராத்திரி படுத்துத்தான் உயிர் பிழைச்சாங்க. நீங்க உள்ள போகாதீங்க, கெட்ட வாயு தேங்கி நிக்கலாம்.

பலன்னு பார்த்தா இந்தக் காட்சி ஒண்ணு மட்டும் இல்ல. எட்டு மாசம் ஒரு விஷயத்துக்காக உடம்பைக் கட்டுப்படுத்தினது, முன்னப்பின்ன தெரியாத ரெண்டு பேரோட ஒரே கயித்துல உயிரைக் கட்டினது, இதெல்லாம் உச்சிக்குப் போகாம கிளீவர்ல திரும்பினவங்களுக்கும் அப்படியே கிடைக்குது.

எப்போ திரும்பணும்

இதை மேல போய் முடிவு பண்ணக்கூடாது, வீட்லயே எழுதி வைங்க: இத்தனை மணிக்கு மேல ஏறமாட்டேன், கையில உணர்ச்சி போனா சொல்லிடுவேன், கைடு திரும்புன்னா வாதாட மாட்டேன். 14,000 அடியில மூளை ஆசை பக்கம்தான் பேசும், அங்க நியாயம் கேக்கக்கூடாது. கிளீவருக்கு மேல போயிட்டா உங்க ஒருத்தருக்காக மொத்தக் கயிறும் திரும்ப வேண்டி வரலாம், அதனால சந்தேகம் இருந்தா அதுக்கு முன்னாடியே சொல்றதுதான் மரியாதை.

இறக்கம்

உச்சி பாதி வழிதான். விபத்துல நிறைய இறங்கும்போது நடக்குது, கால் நடுங்கும், பனி இளகும், கல்லு விழ ஆரம்பிக்கும், மனசு மட்டும் முடிஞ்சுடுச்சுன்னு நினைச்சுக்கும். அதனால பிரேக்ல சாப்பிடுறதை இறக்கத்துலயும் நிறுத்தாதீங்க, கயிறு அதே ஒழுங்கோட இருக்கட்டும். முயிருக்குக் கீழ பனியில உக்காந்து சறுக்கிட்டு வர ஜாலியா இருக்கும், கிராம்பானைக் கழட்டிட்டு மட்டும் சறுக்குங்க, இல்லன்னா முள்ளு மாட்டி கணுக்கால் உடையும்.

பாரடைஸ் பார்க்கிங் வந்து சேரும்போது நீங்க முழிச்சு பதினாறு மணி நேரத்துக்கு மேல ஆகியிருக்கும், அங்க இருந்து பெல்வியூவுக்கு ரெண்டு மணி நேரத்துக்கு மேல வளைவு வளைவா ரோடு. அந்த நிலைமையில ஸ்டீயரிங் பிடிக்காதீங்க. மலைக்குப் பக்கத்து ஊரான ஆஷ்ஃபோர்ட்ல ஒரு ரூம் முன்னாடியே புக் பண்ணி வச்சுடுங்க, இல்லன்னா ஏறாத ஒருத்தரை வண்டி ஓட்ட வரச் சொல்லுங்க.